மேடையும் வேணும், வகுப்பும் வேணும்: ஜாஸ் வாத்தியார்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஊர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. சாக்ஸபோன் வாசிக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் எல்லை தாண்டி கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு இசை வகுப்பு. மீதி நாளில் கல்யாண ரிசப்ஷன், சர்ச், எப்போதாவது ஹோட்டல் லாபி. தமிழ்ப் பிள்ளைகள் 'சார்' என்பார்கள், மலையாளப் பிள்ளைகள் 'மாஷே' என்பார்கள். இரண்டு பேரும், அவர்களைப் பெற்றவர்களும் கேட்பது மட்டும் ஒரே கேள்விகள்தான். வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிட்டேன்.

ஜாஸ் என்றால் என்ன? நம்ம கச்சேரி மாதிரியா?

பாதி அப்படித்தான். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், கறுப்பின மக்களிடம், போன நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான இசை. ஒரு மெட்டு இருக்கும். அதை முதலில் எல்லாரும் சேர்ந்து வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராக அந்த மெட்டின் சட்டத்துக்குள் தன் மனோதர்மத்தை, அதாவது அந்த நேரத்தில் வரும் கற்பனையைக் காட்டுவார்கள். கடைசியில் மறுபடி மெட்டுக்கு வந்து முடிப்பார்கள். பல்லவி எடுத்து, நிரவல், கல்பனாஸ்வரம் என்று போய்த் திரும்பும் நம் வழக்கம் தெரிந்தவருக்கு இது புதிதே இல்லை. சாக்ஸும் டிரம்ஸும் நான்கு நான்கு அளவாக (அளவு என்றால் 'பார்', சில அடிகள் கொண்ட ஒரு சின்னத் துண்டு) மாறி மாறி வாசிக்கும் இடம் வந்தால், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் பேசிக்கொள்வது அப்படியே ஞாபகம் வரும்.

வித்தியாசம் எங்கே என்றால், நமக்கு ராகம் நிலையாக நிற்கும். அங்கே அடியில் இருக்கும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) ஒன்றிரண்டு அளவுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு அளவோ முப்பத்திரண்டு அளவோ கொண்ட ஒரு சுற்று. அது மாறும் ஒவ்வொரு இடத்திலும் உங்கள் ஸ்வரமும் அதோடு மாற வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிற கதை.

ராத்திரி கிளப்பில் வளர்ந்த இசைக்குக் கல்லூரியில் என்ன வேலை?

கல்லூரிகளும் முதலில் இதைத்தான் கேட்டன. 1945-இல் பாஸ்டனில் லாரன்ஸ் பெர்க் என்பவர் ஒரு சின்னப் பள்ளி ஆரம்பித்தார். அதுதான் இன்றைய பெர்க்லி இசைக்கல்லூரி. 1947-இல் வடக்கு டெக்சாஸில் ஒரு கல்லூரி பட்டப்படிப்பே தொடங்கியது. ஆனால் ஜாஸ் என்ற பெயரைப் போட பயந்து, 'நடன இசைக்குழு' படிப்பு என்று எழுதி வைத்தார்கள். அங்கே மாணவர் குழுக்களுக்குப் பெயர் வைத்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு மணிக்கு ஒத்திகை பார்க்கும் குழு 'ஒரு மணி' குழு, இரண்டு மணிக்கு வந்தால் 'இரண்டு மணி' குழு. ஒரு மணிக்காரர்கள்தான் அங்கே பெரிய புள்ளிகள்.

பெரிய வித்வான்கள் வாத்தியாராக வந்தது அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும்தான். கறுப்பின மாணவர்கள் போராடி, எங்கள் வரலாற்றையும் கலையையும் பாடமாக வை என்று கேட்ட காலம் அது. சாக்ஸ் கலைஞர் ஆர்ச்சி ஷெப் 1971-இலும், டிரம்ஸ் மேதை மேக்ஸ் ரோச் 1972-இலும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்துக்குப் போனார்கள். ஷெப் சுமார் முப்பது வருடம் அங்கே பாடம் நடத்தினார்.

மேடையில் வாய்ப்பு குறைந்தால்தானே வாத்தியார் வேலைக்குப் போவார்கள்?

இதை ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்னிடம் நேராகவே கேட்டார். பெண் என் சிஷ்யை. பதில் சொல்லாமல் காபி குடித்தேன். இப்போது சொல்கிறேன்.

பணக் காரணம் உண்டு, மறைப்பானேன். ராக் இசை வந்ததும் ஜாஸ் கிளப்புகள் ஒவ்வொன்றாக மூடின. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடுதான் வரும். கிளப்பில் வாசிப்பவருக்கு அது கிடையாது. சிலரை ஊரே தள்ளியது. நியூயார்க்கில் 1940 முதல் 1967 வரை கிளப்பில் வாசிக்கப் போலீஸ் கொடுக்கும் அட்டை ஒன்று வேண்டும். போதைப்பொருள் வழக்கு வந்தால் அட்டை போய்விடும். சாக்ஸ் கலைஞர் ஜாக்கி மக்லீன் அப்படித்தான் அட்டையை இழந்தார். வாசிக்கத் தெரிந்த ஊரிலேயே வாசிக்க முடியாத நிலை.

ஆனால் அவர் அதற்கப்புறம் என்ன செய்தார் என்று பாருங்கள். ஹார்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பாடம் நடத்தினார். 1980-இல் அங்கே ஆப்பிரிக்க அமெரிக்க இசைக்கென்று ஒரு துறையே உண்டாக்கினார். இன்று அந்தத் துறை அவர் பெயரிலேயே ஒரு ஜாஸ் நிறுவனமாக இருக்கிறது. மனைவி டாலியோடு சேர்ந்து அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கலைக்கூடமும் நடத்தினார். இவ்வளவுக்கும் நடுவில் மேடையை விடவில்லை. மாணவர்களும் மகனும் அவரோடு மேடையேறினார்கள். இவரை 'வாய்ப்பில்லாமல் வாத்தியார் ஆனவர்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பட்டம் இல்லாதவர் பேராசிரியர் ஆக முடியுமா?

அங்கே முடிந்திருக்கிறது. பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் சின்ன வயதிலேயே ஊர் ஊராக வாசிக்கக் கிளம்பியவர். பெரிய ஜாஸ் குழுக்களை நடத்திய டியூக் எலிங்டனுக்கும் பென்னி குட்மனுக்கும் இசைக்கோர்வை எழுதிக் கொடுத்தவர். கல்லூரிப் பட்டம் எதுவும் கையில் கிடையாது. 1977-இல் டியூக் பல்கலைக்கழகம் அவரை உறைவிடக் கலைஞராக அழைத்தது. 1981-இல் இறக்கும்வரை அங்கே கற்பித்தார். வேலையில் சேர்ந்த அதே 1977-இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் ஜாஸ் பியானோ கலைஞர் செசில் டெய்லரோடு இரட்டைப் பியானோ கச்சேரியும் செய்தார். அப்போது வயது 66.

அந்த செசில் டெய்லரும் வாத்தியாராக இருந்து பார்த்தவர்தான். 1970-71-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வகுப்பு எடுத்தவர், ஏராளமான மாணவர்களை ஃபெயில் ஆக்கிவிட்டார். எல்லாருக்கும் இந்த வேலை ஒத்துவராது.

நம் நாட்டில் வழி குறுகல். உதவிப் பேராசிரியர் வேலைக்கு முதுகலையில் 55 சதவீதமும் 'நெட்' என்ற தேசியத் தகுதித் தேர்வும் வழக்கமான பாதை. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2018 விதிகளில் இசைக்குத் தனியாக ஒரு கதவு உண்டு: இளங்கலைப் பட்டத்தோடு, பெயர்பெற்ற குருவிடம் கற்று, வானொலியில் 'ஏ' கிரேடு வாங்கியவர் அதன் வழியாக நுழையலாம். 2022-இல் 'புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்று இன்னொன்று கொண்டுவந்தார்கள். பட்டம் கட்டாயமில்லை, துறையில் 15 வருட அனுபவம் வேண்டும். மொத்தம் நான்கு வருடத்துக்கு மேல் நீடிக்காது.

இரண்டையும் எப்படி நேரம் பிரித்துச் செய்கிறார்கள்?

நிரந்தரப் பேராசிரியர் என்றால் பெரும்பாலும் வாரத்தில் இரண்டு மூன்று நாளில் வகுப்புகளை அடைத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை விமானம், திங்கட்கிழமை திரும்பி வருதல். கோடை விடுமுறை மூன்று மாதம், அதில் ஜூலையில்தான் ஐரோப்பாவின் பெரிய ஜாஸ் விழாக்கள் வரும். சில வருடத்துக்கு ஒருமுறை சம்பளத்தோடு நீண்ட விடுப்பு கிடைக்கும். அதில் ரெக்கார்டிங்கை முடித்துக்கொள்வார்கள். நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் ஒரு குழுவுக்குச் செவ்வாய் முதல் ஞாயிறுவரை ஒரு வாரம் கொடுப்பது வழக்கம். அப்படி ஒரு வாரம் கிடைத்தால் கல்லூரி காலண்டரில் இடம் தேட வேண்டியதுதான்.

இதெல்லாம் நிரந்தர வேலையில் இருப்பவர் கதை. நியூயார்க், பாஸ்டன் பக்கம் பாடம் எடுக்கும் பல ஜாஸ்காரர்கள் பகுதிநேர ஆட்கள். மணிக்கணக்கில் கூலி, அடுத்த பருவம் வேலை இருக்குமா என்று தெரியாது. நம்மூர் கெஸ்ட் லெக்சரர் கதையேதான். மே மாதம் சம்பளம் கிடையாது. நல்லவேளை, மே மாதம் முகூர்த்தம் நிறைய.

வகுப்பில் அப்படி என்னதான் சொல்லித் தருவார்கள்? மனோதர்மத்தைப் பாடமாக நடத்த முடியுமா?

மனோதர்மத்தை நடத்த முடியாது. அது வந்து உட்கார இடம் தயார் செய்யலாம்.

முதல் வேலை, காதால் எடுப்பது. பழைய பெரியவர்கள் வாசித்த ஒரு தனி வாசிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டு, முதலில் வாயால் பாடி, அப்புறம் வாத்தியத்தில் எடுத்து, கடைசியாகத்தான் எழுத வேண்டும். பாடாமல் நேராக விரலுக்குப் போகிறவன் விரல் போன போக்கில் வாசிப்பான். பாடாந்தரம், அதாவது குரு பாடிய மாதிரியே கற்றுக்கொள்வது, என்று நாம் சொல்வதற்கு இது பக்கத்தில் வருகிறது. அங்கே குரு எதிரில் இருப்பதற்குப் பதில் ரெக்கார்டு இருக்கிறது. இரண்டாவது, கார்டுகளின் இலக்கணம். ஜார்ஜ் ரஸ்ஸல் 1953-இல் கார்டையும் ஸ்கேலையும் (ஸ்வர வரிசை) இணைத்து ஒரு கோட்பாடு எழுதினார். பிறகு பாஸ்டனின் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் அதையே பல வருடம் கற்பித்தார். மூன்றாவது, குழுவாக வாசிப்பது. இதில்தான் வாத்தியார் மேடைக்காரரா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

ஒரு அனுபவம் சொல்கிறேன். பொள்ளாச்சியில் ஒரு ரிசப்ஷன். நடுப்பாட்டில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்து, கீபோர்டும் பேஸ் கிடாரும் ஊமையாகிவிட்டன. நானும் டிரம்ஸ் பையனும் மட்டும். கார்டு வாசிக்க ஆளே இல்லை. ஐந்து நிமிடம் ஒற்றை ஆளாக, ஒவ்வொரு கார்டுக்கும் அடையாளமான மூன்றாவது, ஏழாவது ஸ்வரத்தை மட்டும் சரியான இடத்தில் தொட்டுத் தொட்டுப் போனேன். பந்தியில் இருந்தவர்களுக்குக் கீபோர்டு நின்றதே தெரியவில்லை. (சாம்பாரும் நன்றாக இருந்தது, அதுவும் ஒரு காரணம்.) மறுநாள் காலை வகுப்பில் கீபோர்டு பையனை எழுப்பி வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இதையே செய்ய வைத்தேன். புத்தகத்தில் இந்தப் பாடம் இருக்கிறது. நான் வருடக்கணக்கில் நடத்தியதும்தான். அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்கு ஏறியது.

மேடைக்குப் போகாத வாத்தியார் நல்ல வாத்தியார் ஆக முடியாதா?

முடியும், ஆனால் சிரமம். இந்தியானா பல்கலைக்கழகத்தின் டேவிட் பேக்கரைப் பார்க்கலாம். டிராம்போன் வாசித்தவர். 1953-இல் கார் விபத்தில் தாடை அடிபட்டு, நாளடைவில் ஊதவே முடியாமல் போனது. அவர் செல்லோவைக் கையில் எடுத்து முதலிலிருந்து கற்றார். அப்புறம் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் துறையைக் கட்டி எழுப்பிப் பல பத்தாண்டு நடத்தினார், பாடநூல்கள் எழுதினார். வாத்தியம் மாறினாலும் மேடையை விடவில்லை. பின்னாளில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவையும் நடத்தினார்.

ஆகவே என் கணக்கு இது: வாத்தியார் மாதம் ஒரு தடவையாவது யார் முன்னாலாவது தப்பு செய்யும் ஆபத்தில் நிற்க வேண்டும். பெரிய மேடை வேண்டியதில்லை. சர்ச் ஹால் போதும்.

வகுப்பு எடுப்பதால் வாசிப்பு கெடாதா?

நேரம் கெடும், அது உண்மை. சாதகம் செய்ய வேண்டிய காலை நேரத்தில் வருகைப் பதிவேடு நிரப்புகிறேன்.

ஆனால் கர்நாடக சங்கீதம் பாடும் ஒரு பாலக்காட்டுப் பெண் என் வகுப்பில் இருந்தாள். ஒருநாள், "மாஷே, நீங்க எப்பவும் சமத்துலேயே வந்து உக்காருறீங்களே, ஏன்?" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து என் பழைய ரெக்கார்டிங்குகளைப் போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் முதல் அடியிலேயே முடித்திருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக! கூட வாசிக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை. ரிசப்ஷனில் யார் சொல்வார்? வைப்ரஃபோன் (உலோகக் கட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) கலைஞர் கேரி பர்ட்டன் 1971 முதல் 2004 வரை பெர்க்லியில் ஆசிரியராகவும் நிர்வாகியாகவும் இருந்துகொண்டே உலகம் சுற்றி வாசித்தார். தன் குழுவில் இளம் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். அது சின்னவர்களுக்குச் செய்த உபகாரம் மட்டும் என்று இப்போது நான் நினைப்பதில்லை.

எல்லாரும் ஒரே பாடத்திட்டம் படித்தால் எல்லாரும் ஒரே மாதிரி வாசிக்க மாட்டார்களா?

இந்தக் குற்றச்சாட்டு அமெரிக்காவிலும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. முன்பு ஒரு பெரியவரின் குழுவில் சேர்ந்து, ராத்திரி பஸ்ஸில் தூங்கி, திட்டு வாங்கிக் கற்றார்கள். இப்போது பாடப்புத்தகத்தில் உள்ள ஒரே வரிகளைப் பல நாட்டுப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்கிறார்கள். குருகுலம் போய் செமஸ்டர் வந்தபோது நம் வீட்டிலும் இதே பேச்சு எழுந்தது.

நம்ம ஆட்கள் யாராவது இப்படி இருந்திருக்கிறார்களா?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகம். அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து அங்கே கர்நாடக சங்கீதம் கற்பிக்கப்படுகிறது. வீணை தனம்மாளின் பேரன்கள், நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பிகள் இருவர் அங்கே வாத்தியார்களாக இருந்தார்கள்: மிருதங்கம் ரங்கநாதன், புல்லாங்குழல் விஸ்வநாதன். பாலக்காட்டுக்காரரான கே.வி. நாராயணசுவாமி 1965-இல் அங்கே போய்க் கற்பித்தார். மிருதங்க வித்வான் பாலக்காடு ரகுவும் அங்கே கற்பித்திருக்கிறார். அதே வளாகத்தில் எழுபதுகளில் ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் எட் பிளாக்வெல்லும் வந்து சேர்ந்தார். சாக்ஸ் மேதை ஆர்னெட் கோல்மனோடு வாசித்தவர் அவர். ஒரே கல்லூரியில் ஒரு பக்கம் தீம் தகிட, இன்னொரு பக்கம் நியூ ஆர்லியன்ஸ் நடை. அந்த வராந்தாவில் நடக்க நான் என் சாக்ஸை விற்கத் தயார்.

கிடார் கலைஞர் ஜான் மக்லாக்லின் வீணை கற்றதும் வெஸ்லியனில்தான், எஸ். ராமநாதனிடம். வயலின் எல். சங்கர் டாக்டர் பட்டம் பெற்றதும் அங்கேதான். இந்த இருவரும் ஜாகிர் உசேன், கடம் விநாயக்ராம் ஆகியோருடன் சேர்ந்து அமைத்த குழு சக்தி. அதன் முதல் ஆல்பத்தில் மிருதங்கம் வாசித்த ராமநாதபுரம் ராகவனும் வெஸ்லியன் வாத்தியார். ஒரு கல்லூரி வகுப்பறை இல்லாவிட்டால் அந்தக் குழு இருந்திருக்குமா என்பது சந்தேகமே. கனடாவில் திருச்சி சங்கரன் 1971 முதல் யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்து, மேடையிலும் வாசித்து, ஜாஸ்காரர்களோடும் கலந்து வாசித்தவர்.

இந்தத் தலைமுறையில் ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயர். அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்கு 1971-இல் பிறந்தவர். சின்ன வயதில் வயலின் முறையாகக் கற்றார், பியானோ பெரும்பாலும் தானாகக் கற்றது. யேலில் கணிதமும் இயற்பியலும், பெர்க்லி நகரத்துக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1998-இல் டாக்டர் பட்டம். (பெர்க்லி இசைக்கல்லூரி வேறு, இது வேறு. பெற்றோர் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். சாக்ஸ் கலைஞர் ருத்ரேஷ் மஹந்தப்பா பிரின்ஸ்டனில் ஜாஸ் பிரிவை நடத்துகிறார். சாக்ஸில் கர்நாடக சங்கீதம் வாசித்த நம் கத்ரி கோபால்நாத்தோடு சேர்ந்து 2008-இல் ஆல்பம் போட்டவர் அவர்தான்.

அமெரிக்கா வரை போவானேன்? நம்ம எல்லைப்பக்கம் அப்படி ஆட்கள் இல்லையா?

ஜாஸில் இல்லை. சங்கீதத்தில் ஏராளம். பாலக்காடு மாவட்டம் மஞ்சப்பிராவில் பிறந்த எம்.டி. ராமநாதன் நம் பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் இயற்பியல் படித்தவர். கலாக்ஷேத்திராவில் டைகர் வரதாச்சாரியாரிடம் கற்று, அங்கேயே பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்தார். கச்சேரியையும் விடவில்லை, அந்த நிதானத்தையும் விடவில்லை. திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக்கல்லூரியில் முத்தையா பாகவதர், செம்மங்குடி, ஜி.என்.பி. என்று முதல்வர் நாற்காலியில் மேடை ஜாம்பவான்களே உட்கார்ந்தார்கள். பாலக்காடு மணி ஐயர் கடைசிக் காலத்தில் ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்து ரிஷி வேலி பள்ளியில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக் கொடுத்தார். அது பல்கலைக்கழகம்கூட இல்லை, பள்ளிக்கூடம்.

கல்லூரிகள் கச்சேரிக்கு லீவு கொடுக்குமா?

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் நடந்தது: ஒரு விழாவில் வாசிக்க ஒருநாள் விடுப்பு கேட்டேன். தரவில்லை. போனேன். அந்த நாள் சம்பளம் வெட்டு. அடுத்த வருடம் அட்மிஷன் நோட்டீஸில் பார்த்தால், அதே மேடையில் நான் வாசிக்கும் படம், முழுப் பக்கத்துக்கு. வேலையில் சேரும்முன் 'மேடை நாட்கள்' எத்தனை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்க பையனுக்கு ஜாஸ் கத்துக்கொடுக்கணும். எங்கே ஆரம்பிக்கிறது?

சென்னையில் ஏ.ஆர். ரகுமான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கன்சர்வேட்டரி இருக்கிறது. அதெல்லாம் பன்னிரண்டாம் வகுப்புக்கு அப்புறம். இப்போதைக்கு அவன் கையில் என்ன வாத்தியம் இருக்கிறதோ அதுவே போதும். சாக்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) இரண்டாம் அடிக்கும் நான்காம் அடிக்கும் மட்டும் தட்டும்படி வைத்துக்கொண்டு தினமும் பத்து நிமிடம் பாடச் சொல்லுங்கள். முதல் வாரம் தடுமாறுவான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, பூசைக்கு வந்தவர்கள் போனபிறகு, சர்ச் ஹாலில் நாங்கள் ஐந்தாறு பேர் வாசிப்போம். கூட்டி வாங்க. அவனுக்குப் பிடித்த ஒரு பாட்டை, சினிமாப் பாட்டானாலும் சரி, முழுசாகப் பாடத் தெரிந்திருக்க வேண்டும். கல்பாத்தித் தேர் நடக்கிற வாரம் மட்டும் வர வேண்டாம், நாங்களே அங்கேதான் இருப்போம்.